வீட்டு சோப்புக்கு எந்தக் காஸ்டிக்? கைவசம் வைக்க வேண்டிய குறிப்புகள்

பரமத்தி வேலூர்த் தேங்காயும் ஆத்தூர்ப் பக்கத்து ஆமணக்கும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, சோப்புக்கு எண்ணெய் தேடி நாம் அலைய வேண்டியதில்லை. சேலம், நாமக்கல் பக்கம் வீட்டு சோப்பு போடுகிறவர்கள் தடுமாறுவதெல்லாம் காஸ்டிக் வாங்குகிற இடத்தில்தான். சோப்பு கிண்டத் தெரிந்த தோழிகளுக்காக, காரத்தைத் தேர்ந்தெடுப்பதில் ஆரம்பித்து அதைச் சிக்கனமாகக் கையாள்வது வரைக்கும் இங்கே சில குறிப்புகள்.

1. கட்டி சோப்புக்குக் காஸ்டிக் சோடா, திரவ சோப்புக்குக் காஸ்டிக் பொட்டாஷ். முதலாவது சோடியம் ஹைட்ராக்சைடு, அடுத்தது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. கடைக்குக் கிளம்பும் முன்னால் எந்த சோப்பு போடப் போகிறோம் என்று முடிவு செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

2. சோடா கிடைக்கவில்லை என்று அதே எடைக்குப் பொட்டாஷைப் போட்டால் எண்ணெய் மிதந்துகொண்டு நிற்கும். சோடா 100 கிராம் செய்கிற வேலைக்குச் சுத்தமான பொட்டாஷ் 140 கிராம் வேண்டும். அப்படிப் போட்டாலும் கட்டி விழாது, களியாகத்தான் நிற்கும்.

3. ஆப்பச் சோடா, சலவைச் சோடா, காஸ்டிக் சோடா மூன்றும் வேறு வேறு. முதல் இரண்டையும் எண்ணெயில் போட்டு எவ்வளவு கிண்டினாலும் சோப்பு ஆகாது. கடையில் வெறுமனே "சோடா கொடுங்க" என்று கேட்காமல் "காஸ்டிக்" என்று அழுத்திச் சொல்லி வாங்குங்க.

4. வெள்ளாவி வைக்கப் பயன்பட்ட உவர்மண்ணில் இருப்பது பெரும்பாலும் சலவைச் சோடா வகைதான். துணி அழுக்கை அது எடுக்கும். எண்ணெயை சோப்பாக்கும் வலு அதற்குக் கிடையாது.

5. சிங்க் அடைப்பு எடுக்கும் பொடியிலும் காஸ்டிக் இருக்கிறதே என்று அதை சோப்புக்குப் போடாதீங்க. அவற்றில் பலவற்றில் அலுமினியத் துணுக்கும் வேறு மருந்துகளும் கலந்திருக்கும். காஸ்டிக் தவிர வேறு பெயர் ஒன்று லேபிளில் இருந்தாலும் அது சாக்கடைக்குத்தான்.

6. காஸ்டிக் சோடா செதிலாகவும் (கடையில் ஃப்ளேக்ஸ் என்பார்கள்), குருணையாகவும், கரைசலாகவும் வருகிறது. வீட்டுக்குச் செதில்தான் மலிவு. குருணை தூசி பறக்காது, தண்ணீரில் நிதானமாகக் கொட்டலாம், ஆனால் விலை கூடுதல்.

7. ஆலைகளுக்குப் போகும் கரைசலில் பாதிக்குப் பாதி தண்ணீர்தான். யாராவது கேனில் கொண்டுவந்து கொடுத்தால், எத்தனை சதவீதம் என்று தெரியாமல் தொடாதீங்க. 50 சதவீதம் என்று உறுதியாகத் தெரிந்தால் செதிலின் எடையைப் போல இரண்டு மடங்கு எடுத்து, அதற்குத் தக்கபடி தண்ணீரைக் குறைக்கணும்.

8. காஸ்டிக் நமக்கு அசலூர்ச் சரக்கு அல்ல. மேட்டூர் அணை 1934-ல் முடிந்தது, 1936-ல் மேட்டூர் கெமிக்கல்ஸ் தொடங்கியது. உப்புத் தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சினால் ஒரு பக்கம் குளோரின், மறுபக்கம் காஸ்டிக் என்று பிரியும். அணைப் பக்கத்தில் மின்சாரத்துக்குக் குறைவில்லை என்பதால் அந்தத் தொழில் அங்கே ஊன்றிக்கொண்டது.

9. பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் சாயப்பட்டறைகளுக்குச் சரக்குப் போடும் கெமிக்கல் கடைகளில் கேட்டுப் பாருங்க. நாளும் மூட்டை பிரிகிற கடையில் சரக்குப் புதிதாக இருக்கும். மளிகைக் கடை மூலையில் வருஷக்கணக்கில் தூங்கும் பாக்கெட்டைவிட அது மேல்.

10. சில்லறையாக வாங்கினாலும் "மூட்டையைக் காட்டுங்க" என்று கேளுங்க, தப்பே இல்லை. சுத்தம் 98 சதவீதம் அல்லது அதற்கு மேல், ஐ.எஸ். 252 தர எண், தயாரித்த மாதம் மூன்றும் மூட்டையில் இருக்கிறதா என்று பாருங்க. மூன்றையும் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் பிறகு கணக்குப் போடும்போது உதவும்.

11. நல்ல செதில் வெள்ளை வெளேரென்று, உதிரி உதிரியாக, தட்டினால் சலசலக்கும். பழுப்பேறியிருந்தாலோ கறுப்புப் புள்ளி தெரிந்தாலோ அதைச் சலவை சோப்போடு நிறுத்திக்கொள்ளுங்க. குளிக்கிற சோப்புக்கு வேண்டாம்.

12. பாக்கெட்டில் செதில் ஒட்டிக் கட்டியாகியிருந்தால் அது காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துவிட்டது என்று அர்த்தம். தராசில் எடை சரியாகக் காட்டும், ஆனால் அந்த எடையில் ஒரு பங்கு தண்ணீராக இருக்கும். சோப்பு கொழகொழவென்று நின்றால் எண்ணெயைத் திட்டாமல் முதலில் காஸ்டிக் டப்பாவைத் திறந்து பாருங்க.

13. பழைய காஸ்டிக்குக்கு வீரியம் இருக்கிறதா என்று பார்க்க, இரண்டு மூன்று செதிலைக் கால் டம்ளர் தண்ணீரில் கரைத்து ஆறவிட்டு, வினிகரைத் தாராளமாக விடுங்க. பொங்கி நுரைத்தால், காற்றுப் பட்டு அதில் ஒரு பங்கு சலவைச் சோடாவாக மாறிவிட்டது. குமிழி வராமல் இருந்தால் அந்த வகையில் கெடவில்லை.

14. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் ஐந்து கிலோ வாங்கி அடுக்காதீங்க. மாசி, பங்குனி வறட்சியில் வாங்கிய சரக்குக் கையில் உதிரியாகவே நிற்கும். ஒரு கிலோ காஸ்டிக் சோடாவில் ஆறு கிலோ எண்ணெய்க்கு மேல் சோப்பு போடலாம் என்பதால் சின்னக் குடும்பத்துக்கு அதுவே நிறைய நாள் வரும்.

15. ஆய்வகச் சாமான் விற்கும் கடைகளில் எல்.ஆர்., ஏ.ஆர். என்ற எழுத்தோடு 500 கிராம் பாட்டிலில் கிடைக்கும். காஸ்டிக் சோடாவுக்கு அந்த விலை தேவையே இல்லை, நல்ல மூட்டைச் செதிலே போதும். பொட்டாஷுக்கு மட்டும் அங்கே போவது லாபம், சத்து எவ்வளவு என்று லேபிளில் எழுதியிருக்கும்.

16. காஸ்டிக் பொட்டாஷ் 100 சதவீதமாக வருவதில்லை. 85 அல்லது 90 சதவீதம்தான் சத்து, மீதி பெரும்பாலும் ஈரம். கணக்கில் வரும் பொட்டாஷ் எடையை 0.85 அல்லது 0.9-ஆல் வகுத்தால் கடைச் சரக்கில் எவ்வளவு எடுக்கணும் என்று வந்துவிடும்.

17. பாத்திரம் தேய்க்கும் திரவத்துக்கு ஒரு கணக்கு: தேங்காயெண்ணெய் 1 கிலோவுக்குச் சுத்தமான பொட்டாஷ் 249 கிராம். கையிலிருப்பது 90 சதவீதச் சரக்கு என்றால் 277 கிராம், 85 சதவீதம் என்றால் 293 கிராம். பொட்டாஷைப் போல மூன்று மடங்கு தண்ணீரில் கரைத்து, சிறு தீயில் வைத்துக் கிண்டினால் ஒளி ஊடுருவும் களியாக வரும்.

18. அந்தக் களியை அப்படியே மூடி வைத்துக்கொண்டு, வேண்டும்போது கொஞ்சம் எடுத்து இரண்டு மூன்று மடங்கு வெந்நீரில் கரைத்தால் போதும். மொத்தத்தையும் கரைத்து பாட்டில் பாட்டிலாக நிரப்பி இடத்தை அடைக்க வேண்டாம். களி மாதக்கணக்கில் கெடாது.

19. கட்டி சோப்பு நுரைக்கவில்லை என்று குறைப்படுகிறவர்கள், காரத்தில் 5 சதவீதத்துக்கு மட்டும் சோடாவுக்குப் பதில் பொட்டாஷ் போட்டுப் பார்க்கலாம். அந்தப் பங்கை 1.4-ஆல் பெருக்கி, சத்து சதவீதத்தால் வகுக்க மறக்காதீங்க. இதற்காகத் தனியாகப் பொட்டாஷ் வாங்குவது வீண், திரவ சோப்புக்கு வாங்கியது மிச்சமிருந்தால் செய்யலாம்.

20. மோகனூர், வேலூர்க் காவிரிக்கரை வாழைத்தோட்டங்களில் காய்ந்த மட்டைக்கும் சருகுக்கும் குறைவே இல்லை. அதை எரித்த சாம்பலில் பொட்டாசியம் சத்து அதிகம். வெள்ளைச் சாம்பலை ஓட்டை போட்ட வாளியில் அமுக்கி, மேலே மழைத்தண்ணீர் ஊற்றினால் கீழே சொட்டுவதுதான் அந்தக் காலத்துக் கார நீர்.

21. சாம்பல் நீரின் காரத்தைப் பார்க்க உலகத்தின் பல ஊர்களில் முட்டையை மிதக்கவிடுவார்கள். பழைய நாலணா அளவுக்கு முட்டை வெளியே தலைகாட்டினால் பதம் என்பது கணக்கு. நாமக்கல்காரர்களுக்கு முட்டைக்கா பஞ்சம்? ஆனால் அன்றைக்கு வந்த முட்டையாக இருக்கணும், பழசு வெறும் தண்ணீரிலேயே கிளம்பி வரும்.

22. இவ்வளவு பாடுபட்டும் சாம்பல் நீரில் வருவது மெத்தென்ற களி சோப்புதான், அதிலும் ஒரு தடவை வந்தது மறு தடவை வராது. குழந்தைகளுக்குச் செய்து காட்ட நல்ல வேடிக்கை. குளிக்கிற சோப்புக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன், எண்ணெய் விலை கிராமுக்குக் கணக்குப் பார்க்கிற நாளில் இந்தச் சூதாட்டம் கட்டுப்படியாகாது.

23. சலவைச் சோடாவையும் நீற்றிய சுண்ணாம்பையும் தண்ணீரில் கொதிக்கவைத்தால் காஸ்டிக் உண்டாகும், சுண்ணாம்பு அடியில் வண்டலாகப் படியும். கணக்குப்படி 106 கிராம் சலவைச் சோடாவுக்கு 74 கிராம் நீற்றிய சுண்ணாம்பு, கிடைப்பது 80 கிராம் காஸ்டிக். வீட்டில் அது முழுசாக முடிவதில்லை, விறகுச் செலவும் சேர்ந்தால் கடைக் காஸ்டிக்தான் மலிவு.

24. ஒவ்வொரு எண்ணெயும் ஒவ்வொரு அளவு காரம் கேட்கும். 1 கிராம் எண்ணெய்க்குக் காஸ்டிக் சோடா: தேங்காயெண்ணெய் 0.183, பாமாயில் 0.141, வேப்பெண்ணெய் 0.139, கடலெண்ணெய் 0.136, நல்லெண்ணெய் 0.134, விளக்கெண்ணெய் 0.128. சமையலறைக் கதவுக்குப் பின்னால் எழுதி ஒட்டிக்கொள்ளுங்க.

25. கணக்குப் போட்டு வருவதில் 5 சதவீதம் குறைத்துப் போடுங்க, அந்த மிச்ச எண்ணெய்தான் தோலை வறட்டாமல் வைக்கும். உதாரணத்துக்குத் தேங்காயெண்ணெய் 600, கடலெண்ணெய் 300, விளக்கெண்ணெய் 100 கிராம் எடுத்தால் முழுக் கணக்கு 163 கிராம், போட வேண்டியது 155 கிராம். தண்ணீர் அதைப் போல இரண்டு மடங்கு, 310 கிராம். காஸ்டிக்கின் சுத்தம் 97 ஆனாலும் 99 ஆனாலும் இந்த மிச்சம் அதைத் தாங்கிக்கொள்ளும்.

26. லிட்டரும் கிலோவும் ஒன்றல்ல. ஒரு லிட்டர் எண்ணெய்ப் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் 910 கிராம் என்று பொடி எழுத்தில் இருக்கும். அதைக் கிலோ என்று நினைத்துப் பாமாயிலுக்கு 134 கிராம் காஸ்டிக் போட்டால் முழுக் கணக்கான 128-ஐயும் தாண்டிவிடும், சோப்பு தோலை எரிக்கும்.

27. ரேஷன் பாமாயில் வீட்டில் மிஞ்சினால் பாமாயில் 500, தேங்காயெண்ணெய் 400, விளக்கெண்ணெய் 100 கிராம் கலந்து பாருங்க. காஸ்டிக் சோடா 149 கிராம், தண்ணீர் 300 கிராம். கட்டி நல்ல கெட்டியாக விழும், செலவும் குறைவு.

28. தனித் தேங்காயெண்ணெயில் போட்டால் கிலோவுக்கு 183 கிராம் என்பது முழுக் கணக்கு. அப்படியே போட்டால் துணிக்கு அருமை, தோலுக்கு வறட்சி. குளிக்க வேண்டுமானால் 20 சதவீதம் குறைத்து 146 கிராம் போடுங்க. உப்புத் தண்ணீரிலும் நுரைக்கிற சோப்பு இது, போர்த்தண்ணீர் வீடுகளுக்குத் தோதானது.

29. விளக்கெண்ணெய் பத்தில் ஒரு பங்கு தாண்டவேண்டாம். நுரையை நிறுத்திவைக்கும், ஆனால் அளவு மிஞ்சினால் சோப்பு பிசுபிசுக்கும். ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் ஆராய்ச்சி நிலையமே நடக்கிற மாவட்டம் நம்முடையது, விளக்கெண்ணெயைச் செக்கிலேயே சுத்தமாக வாங்கலாம்.

30. வேப்பெண்ணெய், புங்கெண்ணெய் வாடையை எந்த வாசனையும் முழுசாக மறைக்காது. மொத்த எண்ணெயில் பத்துப் பதினைந்து சதவீதத்தோடு நிறுத்தினால் வீட்டிலுள்ளவர்கள் முகம் சுளிக்காமல் குளிப்பார்கள். மாட்டுக்கும் நாய்க்கும் தேய்க்கிற சோப்பு என்றால் கூடப் போடலாம்.

31. சிக்கு வாடை வந்த தேங்காயெண்ணெயைக் கொட்டாதீங்க. காஸ்டிக் அதை நல்லதைவிட வேகமாகவே பிடித்துக்கொள்ளும், சலவை சோப்புக்குத் தாராளமாகப் போகும். குளிக்கிற சோப்பில் போட்டால் கொஞ்ச நாளில் மஞ்சள் புள்ளி விழும்.

32. பஜ்ஜி, போண்டா சுட்ட எண்ணெயைத் துணியில் வடிகட்டி, சம அளவு தண்ணீரும் ஒரு கைப்பிடி உப்பும் போட்டுக் கொதிக்கவைத்து ஆறவிடுங்க. கசடு கீழே தங்கும், மேலே நிற்கிற எண்ணெயை மட்டும் எடுங்க. இதற்குக் காஸ்டிக் குறைப்பு 2 சதவீதம் போதும், துணிக்கு மிச்ச எண்ணெய் இருந்தால் பிசுக்கு ஏறும்.

33. லாரிப் பட்டறை, ரிக் வண்டி என்று கிரீஸ் கையோடு வீட்டுக்கு வருகிறவர்கள் நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் நிறைய. அவர்களுக்குத் தனித் தேங்காயெண்ணெயில் காஸ்டிக்கைக் குறைக்காமல் சோப்பு போட்டு, கூழ் பதத்தில் காய்ந்த காபித்தூள் சக்கையை இரண்டு கரண்டி கலந்துவிடுங்க. கறை கிளம்பும், வாஷ்பேசினும் பிழைக்கும்.

34. காஸ்டிக்கைக் கரைக்கப் போர்த்தண்ணீர் வேண்டாம். அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்பில் பிசுக்காக நிற்கும். ஆர்.ஓ. தண்ணீரோ, மொட்டை மாடியில் பிடித்து வடிகட்டிய மழைத்தண்ணீரோ போதும். இரண்டும் இல்லாவிட்டால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் வாங்கிக்கொள்ளலாம்.

35. குளிக்கும் தண்ணீரே உப்பாக இருந்தால் பக்கெட்டில் வெள்ளைப் படலம் மிதக்கும். எண்ணெய் ஒரு கிலோவுக்கு 10 கிராம் சிட்ரிக் ஆசிட் போட்டால் அது குறையும். ஆனால் அந்த 10 கிராம் ஆசிட் 6 கிராம் காஸ்டிக் சோடாவைத் தின்றுவிடும், அதனால் காஸ்டிக்கில் 6 கிராம் கூட்டுங்க. ஆசிட்டை முதலில் தண்ணீரில் கரைத்துவிட்டு அப்புறம் காஸ்டிக்கைப் போடணும். ஐந்து ரூபாய் செலவில்லாத வேலை இது, சேலத்துத் தண்ணீருக்கு இதைவிட நல்ல மருந்தை நான் பார்க்கவில்லை.

36. எலுமிச்சைச் சாறு ஊற்றினால் சோப்புக்கு வாசமும் வராது, நிறமும் வராது. காரத்தில் ஒரு பங்கைக் குடித்துவிட்டு எண்ணெயை மிச்சம் வைத்துவிடும். ரசத்துக்குப் பிழிந்துகொள்ளுங்க.

37. கரண்டிக் கணக்கு, டம்ளர் கணக்கு காஸ்டிக்கிடம் செல்லாது. ஒரு கிராம் வரை காட்டும் கிச்சன் தராசு வாங்கிவிடுங்க, இரண்டு கிலோ எண்ணெய் வீணாகாமல் இருந்தாலே அந்தக் காசு திரும்பிவிடும். தண்ணீரையும் எடை போட்டே எடுங்க.

38. காஸ்டிக் தொடுகிற பாத்திரம் எவர்சில்வராக இருக்கட்டும். எவர்சில்வர் தகடு உருட்ட உருக்காலையே வைத்திருக்கிற ஊர்க்காரர்களுக்கு அதற்கா குறை! அலுமினியக் குண்டானும் துத்தநாகம் பூசிய வாளியும் காஸ்டிக் பட்டதும் பொங்கி, தீப்பிடிக்கிற வாயுவை விடும். நான்ஸ்டிக் சட்டியும் இதற்கு ஆகாது.

39. பிளாஸ்டிக் எடுப்பதானால் அடியில் 2 அல்லது 5 என்று முக்கோணத்துக்குள் எண் போட்டதாகப் பாருங்க. எண் 1 போட்ட தண்ணீர் பாட்டிலை காஸ்டிக் அரித்துவிடும். கண்ணாடி ஜாடியும் சூட்டில் விரிசல் விடலாம், நாளாவட்டத்தில் காஸ்டிக் அதையும் அரிக்கும்.

40. எப்போதும் தண்ணீரில்தான் காஸ்டிக்கைப் போடணும், காஸ்டிக் மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது. எவர்சில்வர்ச் சட்டியில் ஆறிய தண்ணீரை எடுத்து, செதிலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி மரக்கரண்டியால் கலக்குங்க. முதல் கைப்பிடியிலேயே தண்ணீர் பால்போலக் கலங்கும், சட்டியின் வெளிப்பக்கம் கை வைக்க முடியாமல் சுடும், மூக்கை அரிக்கிற ஆவி ஒன்று எழும். முகத்தை விலக்கிக்கொள்ளுங்க. சூடு 90 டிகிரி வரை ஏறும், அதற்குள் செதில் அடியில் ஒட்டிக் கல்லாகாமல் கலக்கிக்கொண்டே இருக்கணும். சில நிமிஷத்தில் கலங்கல் தெளிந்து கண்ணாடிபோல நிற்கும். தெளியாமல் சாம்பல் நிறத்தில் தூசி மிதந்தால் அந்தச் சரக்கு சுத்தமில்லை என்று அப்போதே தெரிந்துவிடும்.

41. இந்த வேலையைத் திண்ணையிலோ பின்வாசலிலோ காற்று போகிற பக்கம் பார்த்துச் செய்யுங்க. ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை, ஹார்டுவேர் கடையில் விற்கும் வெள்ளைக் கண்ணாடி மூன்றும் போதும். குழந்தைகள் பள்ளிக்கூடம் போயிருக்கும் நேரம்தான் தோது.

42. காஸ்டிக் தண்ணீரை முந்தின இரவே கரைத்து மூடி வைத்துவிட்டால் காலையில் ஆறியிருக்கும், காத்திருக்கும் நேரம் மிச்சம். மூடியின் மேல் பெரிய எழுத்தில் "காஸ்டிக்" என்று எழுதி, எட்டாத உயரத்தில் வைக்கணும். தண்ணீர் என்று நினைத்து யாரும் தொடக்கூடாது.

43. கையால் ஒரு மணி நேரம் கிண்டுவதை ஹேண்ட் பிளெண்டர் சில நிமிஷத்தில் முடித்துவிடும். இட்லி மாவு பதம் வந்து, கரண்டியில் எடுத்து ஊற்றினால் கோடு மேலேயே நிற்கணும். பிளெண்டரின் தண்டு அலுமினியமா எவர்சில்வரா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்க.

44. குப்பைமேனி, அரப்பு, வேப்பிலை எதுவானாலும் நிழலில் காய்ந்த பொடியாகக் கடைசியில் கலக்குங்க. பச்சை இலையை அரைத்துப் போட்டால் தண்ணீர் கணக்குத் தப்பும், சோப்பும் பூஞ்சை பிடிக்கும். பச்சை நிறம் காரத்தில் பழுப்பாகத்தான் போகும், அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

45. ஆட்டுப்பால், தேங்காய்ப்பால் ஊற்றிப் போடுகிறவர்கள் பாலை ஐஸ் கட்டியாக்கி, அதன் மேல் காஸ்டிக்கைத் தூவுங்க. சூடான காஸ்டிக்கில் பாலை ஊற்றினால் கருகி நாறும். பாலைத் தண்ணீரின் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளணும்.

46. சித்திரை வெயிலில் அச்சின் மேல் போர்வை போர்த்தாதீங்க, உள்சூட்டில் சோப்பு நடுவில் வெடித்துவிடும். மார்கழியில் தேங்காயெண்ணெய் உறைந்திருந்தால் வெயிலில் வைத்து உருக்கிக்கொண்டு, அச்சைப் பழைய துண்டில் சுற்றிவையுங்க.

47. அச்சுக்குக் காசு வேண்டாம். பிளம்பர் மிச்சம் விட்டுப்போன பி.வி.சி. பைப் துண்டின் ஒரு பக்கம் பிளாஸ்டிக் கவரைக் கட்டி ஊற்றினால், வட்ட வட்டமாக நறுக்கிக்கொள்ளலாம்.

48. சோப்பில் காரம் மிஞ்சியிருக்கிறதா என்று மஞ்சள் தடவிப் பார்க்காதீங்க. நல்ல சோப்பும் மஞ்சளைச் சிவப்பாக்கத்தான் செய்யும், புடவையில் மஞ்சள் கறையை சோப்பு போட்டுத் துவைத்தால் சிவப்பது எல்லோருக்கும் தெரிந்ததே. பி.எச். பேப்பர் வாங்கி ஈர சோப்பில் ஒற்றுங்க. 9, 10 என்றால் சரி, 11-க்கு மேல் போனால் இன்னும் காயவிடுங்க. அப்புறமும் இறங்காவிட்டால் துருவித் துணிக்கு வைத்துக்கொள்ளலாம்.

49. துண்டு போட்டபின் காற்றோட்டமான நிழலில் நான்கிலிருந்து ஆறு வாரம் விடுங்க. காரம் இரண்டு மூன்று நாளிலேயே அடங்கிவிடும், மீதி நாள் தண்ணீர் வற்றுவதற்கு. நன்றாகக் காய்ந்த கட்டி குளியலறையில் இரண்டு மடங்கு நாள் வரும், அந்தப் பொறுமைதான் காசு.

50. மேலே வெள்ளைப் பொடி பூத்திருந்தால் பயப்படாதீங்க, காரம் காற்றுப் பட்டுச் சலவைச் சோடாவானது அது. ஈரத்துணியால் ஒரு துடை துடைத்தால் போய்விடும்.

51. மிச்சக் காஸ்டிக் செதிலைத் தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் இறுக்கமாக மூடி, வெளியே வாங்கிய தேதியும் சத்து சதவீதமும் எழுதிவையுங்க. கரைசலோ செதிலோ எதையும் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. குழந்தைகள் தாகத்தில் எடுத்துக் குடித்துவிடுகிற ஆபத்து இதில்தான் வருகிறது.

52. கையில் தெறித்தால் குழாயைத் திறந்து கால் மணி நேரம் தண்ணீர் ஓடவிடுங்க. மோர், வினிகர், எலுமிச்சை எதையும் தோலில் தேய்க்காதீங்க. வினிகரைத் தரையில் சிந்தினதைத் துடைத்த பிறகு கடைசியாகத் தெளிக்கலாம், அவ்வளவுதான்.

53. கண்ணில் பட்டால் இமையை விரித்துப் பிடித்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, ஊற்றுவதை நிறுத்தாமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பணும். வாயில் போய்விட்டால் வாந்தி எடுக்கவைக்கக் கூடாது, உள்ளே போனபோது வெந்தது வெளியே வரும்போது மறுபடி வேகும். 108-ஐக் கூப்பிடுங்க.

54. கரைத்த காஸ்டிக் தண்ணீர் மிஞ்சிவிட்டால் வீணில்லை. குளியலறை வடிகாலில் மெதுவாக ஊற்றி, பின்னாலேயே இரண்டு பக்கெட் தண்ணீர் விட்டால் முடிப் பிசுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் போகும். ஆசிட் ஊற்றிய அன்றைக்கு மட்டும் அந்தப் பக்கம் போகாதீங்க.

55. காஸ்டிக்கே வேண்டாம், பயமாக இருக்கிறது என்கிறவர்களுக்கு சோப் பேஸ் கட்டி கடையில் கிடைக்கிறது. உருக்கி, பொடி கலந்து, அச்சில் ஊற்றினால் அன்றைக்கே சோப்பு. எண்ணெயில் போடுவதைவிடச் செலவு கூடும், அது மட்டும்தான் குறை.

56. சொந்தத்துக்குக் கொடுப்பது வேறு, விற்பது வேறு. குளிக்கிற சோப்பு அழகுசாதனப் பொருள் கணக்கில் வருவதால், விற்பதற்குத் தயாரிக்க 2020-ஆம் வருஷத்து அழகுசாதன விதிகளின்படி உரிமம் வாங்கணும். சுயஉதவிக் குழுவாகச் சேர்ந்து போடுகிறவர்கள் லேபிள் அச்சடிக்கும் முன்னால் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அலுவலகத்தில் விசாரித்துவிடுங்க.

57. முதல் முறை போடுகிறவர்கள் அரைக்கிலோ காஸ்டிக் சோடா செதில் மட்டும் வாங்குங்க, பொட்டாஷ் இப்போதைக்கு வேண்டாம். கிலோ எண்ணெய்க்கு 155 கிராம் என்று பார்த்தால் மூன்று தடவைக்கு வரும். சோப்பில் விலை இழுப்பது எண்ணெய்தான், காஸ்டிக் அதன் பக்கத்தில் கொசுறு. மிச்சம் பிடிப்பதானால் எண்ணெயில் பிடியுங்க, காஸ்டிக்கை மட்டும் நல்ல மூட்டையிலிருந்து வாங்குங்க.